கல்குவாரியில் மேட், ஃபோர்மேன், மேலாளர்: சான்றிதழ் வாங்கும் வழி

கல்குவாரியில் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பாறையைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடும் மேஸ்திரிகள் கிருஷ்ணகிரியிலும் மேலூரிலும் கரூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி ஒரு குவாரியின் பொறுப்பை ஏற்க அந்தக் கைப்பழக்கம் மட்டும் போதாது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம், அதாவது எல்லோரும் சொல்கிற டி.ஜி.எம்.எஸ்., வழங்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதை எப்படி வாங்குவது என்பதைக் குவாரிக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தவரை இந்தச் சான்றிதழைக் கோட்டை விடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தேர்வு எழுதும் இடம் வரைகூடப் போவதில்லை. பத்து வருடம் பாறையில் உழைத்திருப்பார்கள், ஆனால் அந்தப் பத்து வருடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஆகவே தேர்வுப் புத்தகத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் குவாரி சட்டத்தின் கண்ணில் சுரங்கமா?

‘நாங்கள் வெட்டுவது ஜல்லிக் கல், இது எப்படி மைன் ஆகும்?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தைப் பொறுத்தவரை (இப்போது அது புதிய சட்டத்தொகுப்பில் சேர்ந்துவிட்டது, கீழே சொல்கிறேன்) திறந்தவெளிக் குவாரியும் சுரங்கம்தான். கட்டடக் கல், சாலை ஜல்லி, கிராவல், சாதாரண மணல் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். வெட்டிய ஆழம் மேல்முனையிலிருந்து அடி வரை எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வெடிமருந்து பயன்படுத்தவே கூடாது. மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு. கருங்கல் குவாரியில் வெடி வைக்காமல் யார் கல் எடுக்கிறார்கள்? எனவே நம் ஊர் கல்குவாரிகளில் அநேகமாக எல்லாமே சட்டத்துக்குள் வந்துவிடும்.

இதை ஏன் முதல் படியாகச் சொல்கிறேன் என்றால், சட்டத்துக்குள் வராத இடத்தில், அல்லது டி.ஜி.எம்.எஸ்.ஸுக்குத் திறப்பு அறிவிப்பே அனுப்பாத இடத்தில் நீங்கள் சேர்க்கும் அனுபவத்தைத் தேர்வு வாரியத்திடம் காட்ட வழியில்லை. வேலைக்குச் சேரும்போதே தயங்காமல் கேளுங்கள்: ‘ஓப்பனிங் நோட்டீஸ் போயிருக்கா? மேனேஜர் யார்? அவருடைய சான்றிதழ் எந்த வகுப்பு?’ இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத குவாரியில் சம்பளம் கொஞ்சம் கூடவே கிடைத்தாலும், சான்றிதழ் ஆசை உள்ளவர் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

சட்டம் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சுரங்கச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் கீழ் புது ஒழுங்குவிதிகள் முழுமையாக வரும் வரை, நம் துறையில் அன்றாடம் கையில் இருப்பது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள்தான். எல்லோரும் எம்.எம்.ஆர். என்பார்கள். ஒவ்வொரு தேர்வு அறிவிக்கையையும் புதிதாக வாசியுங்கள்; போன வருடம் தேர்வெழுதிய நண்பர் சொன்னதை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

எந்தச் சான்றிதழ் எதற்கு?

கீழிருந்து போனால் முதலில் மைனிங் மேட். ஒரு வேலைமுகத்தில், அதாவது கல் வெட்டி எடுக்கும் பாறைச் சுவரில், ஒரு குழுவுக்கு நேரடிப் பொறுப்பு. ஷிப்ட் தொடங்கும் முன் பாறை முகத்தைப் பார்த்து, தளர்ந்து நிற்கும் கல்லைத் தட்டி இறக்கி, ஆட்களை உள்ளே விடுவது இவர். பிளாஸ்டர் வெடி வைப்பவர். மருந்து நிரப்புவதிலிருந்து வெடித்தபின் இடத்தைப் பார்த்து ‘வரலாம்’ என்று சொல்வது வரை அவர் கை. ஃபோர்மேன் மேட்டுக்கும் பிளாஸ்டருக்கும் மேலே, ஒரு ஷிப்ட் முழுவதையும் கவனிப்பவர். சூப்பர்வைசர் என்று குவாரியில் பொதுவாகச் சொல்கிறோமே, சட்டத்தில் அந்த இடம் ஃபோர்மேனுடையது. அதற்கு மேலே இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழ்கள்.

எந்த வகுப்பு மேலாளர் தேவை என்பதைக் குவாரியில் சராசரியாக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. ஆள் குறைவாக உள்ள சிறு குவாரியில் ஃபோர்மேன் சான்றிதழ் உள்ளவருக்கே மேலாளர் பொறுப்பு கிடைப்பதும் உண்டு. அதனால்தான் தமிழ்நாட்டு ஜல்லி குவாரிகளில் ஃபோர்மேன் சான்றிதழுக்கு இத்தனை மதிப்பு.

எல்லாச் சான்றிதழிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ரெஸ்ட்ரிக்டட் என்றால் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும். அன்ரெஸ்ட்ரிக்டட் என்றால் நிலத்தடிச் சுரங்கத்துக்கும் சேர்த்து. வாழ்நாள் முழுக்கக் கல்குவாரியில்தான் என்று முடிவு செய்தவருக்கு முதலாவது போதும். நிலத்தடி அனுபவம் கேட்காது, காற்றோட்டம் பற்றிய கனமான பாடமும் கிடையாது. நாளைக்கு ராஜஸ்தானிலோ கர்நாடகத்திலோ உலோகச் சுரங்கத்துக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளலாம். நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேறு ஒழுங்குவிதி, வேறு சான்றிதழ். நெய்வேலியில் சித்தப்பா வாங்கிய சான்றிதழைப் பார்த்துவிட்டு அதே படிவத்தை நிரப்பாதீர்கள்.

முதல் நாளிலிருந்து சேர்க்க வேண்டிய காகிதங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு சுரங்கத்திலும் வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு இருக்க வேண்டும். நீண்ட காலம் அதை ‘பி படிவம்’ என்றே சொல்லிவந்தார்கள். உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, வேலையின் பெயர், சேர்ந்த நாள் எல்லாம் அதில் ஏறும். சேர்ந்த வாரமே அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டல், ஆதாரில் இருப்பது, பதிவேட்டில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘முருகேசன்’ என்பது ஒன்றில் முருகேஷ், இன்னொன்றில் முருகேசன் என்று இருந்தால் விண்ணப்ப நேரத்தில் அலைச்சல் உங்களுக்குத்தான். வேலையின் பெயரும் முக்கியம். நீங்கள் பாறையில் துளையிடும் ஜாக்ஹேமர் ஓட்டுகிறீர்கள், ஆனால் பதிவேட்டில் ‘வாட்ச்மேன்’ என்றோ வெறுமனே ‘ஹெல்பர்’ என்றோ இருந்தால் அது சுரங்க வேலையின் நடைமுறை அனுபவமாகத் தேறுவது கடினம். கிரஷரில் மட்டும் வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். கல் உடைக்கும் பட்டறை வேறு, பாறை முகம் வேறு. வாய்ப்பு கேட்டு முகத்தின் பக்கம் மாறிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. சுரங்கத்தில் சேரும்போதும் பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் செய்து ‘ஓ படிவத்தில்’ எழுதித் தர வேண்டும். மார்பு எக்ஸ்ரேயும் அதில் உண்டு. கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆவது குவாரித் தொழிலாளியைத் துரத்தும் நோய். சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோயும்கூட. சேர்ந்த நாளில் உங்கள் நுரையீரல் எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஒரு படிவம்தான் சாட்சி. சான்றிதழ் வேண்டாம் என்பவர்கூட அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி கொடுக்க வேண்டிய ஆரம்பப் பயிற்சி. வி.டி. பயிற்சி என்பார்கள். பயிற்சி நடந்ததாகக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. அப்படி விட்டுவிடாதீர்கள்; உட்கார்ந்து கேளுங்கள், சான்றையும் வாங்குங்கள்.

நான்காவது, முதலுதவிச் சான்று. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு நடத்தும் முதலுதவிப் பயிற்சிதான் வழக்கமாக ஏற்கப்படுவது. இதை விண்ணப்பத் தேதி நெருங்கும்போது ஓடி ஓடி வாங்குகிறார்கள். முன்பே கற்றுக்கொண்டால் நாளைக்கே உங்கள் பக்கத்தில் ஒருவர் கால் நசுங்கி விழும்போது அது உதவும்.

கடைசியாக அனுபவச் சான்று. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன வேலையில் என்று குவாரி மேலாளர் தன் சான்றிதழ் எண்ணோடு கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒரு குவாரியை விட்டு வெளியேறும் அன்றே இதை வாங்கிவிடுங்கள். குத்தகை முடிந்து குவாரி மூடப்பட்டு, மேலாளரும் வேறு மாவட்டத்துக்குப் போனபின் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

டிப்ளமோ, பட்டம் படித்து வருபவர்கள்

சுரங்கவியலில் டிப்ளமோவோ பட்டமோ இருந்தால் தேவையான அனுபவக் காலம் குறையும். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பொறியியல் துறை இருக்கிறது. எல்லை தாண்டி கோலார் தங்கவயலின் ஊர்காமில் சுரங்கப் பள்ளி இருக்கிறது. தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே படித்து வெளியே வருகிறார்கள். படிப்பு முடிந்தபின் ஒரு சுரங்கத்தில் நடைமுறைப் பயிற்சி முடிக்க வேண்டும். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக உதவித்தொகையோடு இடம் கிடைக்கும். பயிற்சிக்குச் சேரும் சுரங்கத்தில் எந்த வேலையில் எத்தனை நாள் என்பதை நாட்குறிப்பாக எழுதி, வாரம் ஒருமுறை மேலாளரின் கையெழுத்து வாங்குங்கள். பட்டதாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அலுவலகத்தில் வரைபடம் போட உட்கார வைத்தால் எழுந்து வாருங்கள். மேஸ்திரியோடு நின்று துளையின் கோணம் பார்க்காமல் கழிந்த பயிற்சிக் காலம் தேர்வறையில் காட்டிக்கொடுத்துவிடும்.

வெடி உரிமத்தில் வரும் குழப்பம்

நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பு, 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின் கீழ் ‘ஷாட்ஃபயரர்’ அனுமதி தருகிறது. கிணறு வெட்டுவது, சாலைக்குப் பாறை உடைப்பது போன்ற இடங்களுக்கு அது பொருந்தும். சுரங்கச் சட்டத்துக்குள் வரும் குவாரியில் வெடி வைக்க டி.ஜி.எம்.எஸ். தரும் பிளாஸ்டர் சான்றிதழ் அல்லது அதற்கு மேற்பட்ட சான்றிதழ் வேண்டும். கிணற்று வெடியில் இருபது வருடம் பழகியவர் குவாரிக்கு வரும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் நிற்கிறார். மருந்துக் கிடங்குக்கான உரிமம் மட்டும் குவாரிக்கும் பெசோவிடம்தான்.

2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் குவாரிக்கான வெடிபொருள் வெடித்து 3 பேர் இறந்தார்கள். மருந்து வண்டியிலிருந்து இறங்கும் நேரம், டெட்டனேட்டரும் (வெடியைத் தூண்டும் சிறு குழாய்) தோட்டாவும் (மருந்துக் குச்சி) தனித்தனியாக இருக்க வேண்டிய நேரம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய ஆள் யார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பிளாஸ்டர் பாடத்தைப் படியுங்கள்.

விண்ணப்பிக்கும்போது

மேட், பிளாஸ்டர், ஃபோர்மேன் தேர்வுகளுக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேலாளர் பதவியில் அமர 23 வயது. அறிவிக்கை டி.ஜி.எம்.எஸ். இணையதளத்தில் வரும், விண்ணப்பமும் அங்கேதான். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள அதன் வட்டார அலுவலகத்தை நேரில் அணுகலாம். பார்வை, செவித்திறன் உள்ளிட்ட உடற்தகுதிச் சான்று அறிவிக்கையில் சொன்ன படிவத்தில், சொன்ன தகுதியுள்ள மருத்துவரிடம் வாங்கியதாக இருக்கட்டும். ‘ஆபீசில் ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகர்களிடம் சிக்காதீர்கள். போலி அனுபவச் சான்று பிடிபட்டால் தேர்வு மட்டும் போகாது. கையெழுத்திட்ட மேலாளரின் சான்றிதழும் சேர்ந்து போகும்.

பெண்களும் விண்ணப்பிக்கலாம். திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையையும் 2019இல் நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். குவாரிகளில் பெண் ஃபோர்மேன்கள் இன்னும் அரிதாக இருப்பதற்குச் சட்டத்தைக் காரணம் சொல்ல முடியாது.

என்ன படிப்பது, எப்படிப் படிப்பது

ஒழுங்குவிதியை மனப்பாடம் செய்பவர்கள் வாய்மொழிக் கேள்வியில் திணறுகிறார்கள். கேள்வி கேட்பவர்கள் சுரங்கம் பார்த்தவர்கள். ‘விதி 106 என்ன சொல்கிறது?’ என்று தொடங்கினாலும், ‘உன் குவாரியில் பெஞ்ச் எவ்வளவு உயரம்? ஏன்?’ என்றுதான் முடிப்பார்கள். பெஞ்ச் என்பது பாறையில் படிக்கட்டு போல வெட்டும் படி. விதி 106 சொல்வது இது: மண், முரம், கிராவல் போன்ற இளகிய பகுதியில் பக்கச்சரிவு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, அல்லது படி வெட்டினால் ஒரு படி 1.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. கெட்டிப் பாறையில் படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டுச் சுரங்கத் திட்டங்களில் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று போடுவது வழக்கம். அடியைக் குடைந்து மேலே பாறையைத் தொங்கவிடுவதற்கு அனுமதியே கிடையாது.

இப்போது உங்கள் குவாரியை நினைத்துப் பாருங்கள். திட்டத்தில் படி படியாக வரைந்திருக்கும். நேரில் பார்த்தால் பல இடங்களில் சுவர் போலச் செங்குத்தாக இறங்கியிருக்கும், அடியில் பொக்லைன் நிற்கும். அகலப் படி விட்டால் அவ்வளவு கல்லையும் விட்டுவிட வேண்டும் என்ற கணக்குதான் காரணம். 2022 மே 14 இரவு திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் ஆழமான குவாரிக்குள் பாறை சரிந்தது. 6 பேர் சிக்கினார்கள், 4 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடி பாறை சரிந்து தொழிலாளர்கள் செத்தார்கள். 6 மீட்டர் என்ற எண்ணை இப்படித்தான் படிக்க வேண்டும்.

வெடி பற்றிய கேள்விகளும் அப்படியே. மருந்து திணிக்க இரும்புக் கம்பி ஏன் கூடாது, பழைய துளையின் மிச்சக் குழியில் ஏன் மறுபடி துளையிடக் கூடாது, இடி மின்னல் நேரத்தில் மின் டெட்டனேட்டரை என்ன செய்வீர்கள் என்பார்கள். திரி வைத்த வெடிகளில் எண்ணிக்கை குறைந்து கேட்டால் 30 நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. வெடிக்காத துளையின் மருந்தைக் குடைந்து எடுக்கக் கூடாது. குறைந்தது 30 செ.மீ. தள்ளி, அதற்கு இணையாக வேறு துளையிட்டு வெடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது கையால் கோணத்தைக் காட்டிச் சொல்ல வருகிறதா என்று வீட்டில் பழகிப் பாருங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்பதையும் வெடி நேரத்து அபாய எல்லையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது குத்தகை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் உள்ளது, பின்னது டி.ஜி.எம்.எஸ். ஒழுங்குவிதி.

படிக்கும் முறைக்கு என் ஆலோசனை: தினமும் ஒரு விதியை எடுத்துக்கொண்டு குவாரிக்குள் போங்கள். இன்று விதி தூசியைப் பற்றியது என்றால், துளையிடும்போது தண்ணீர் விடுகிறார்களா என்று பாருங்கள். நாளை வண்டிப் பாதை என்றால், டிப்பர் பின்னோக்கி வரும்போது விளிம்பில் மண் அணை இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் நான்கு வரி எழுதிவையுங்கள். இப்படிப் படித்த விதி மறக்காது.

மேலாளர் தேர்வில் சட்டமும் மேலாண்மையும், கல் எடுக்கும் முறைகள், இயந்திரங்கள், நில அளவை எனத் தனித்தனி பாடங்கள். நில அளவையை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தாவது அதைக் கற்றுக்கொள்ளுங்கள். குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டினால் வரும் அபராதத்தின்போது உங்களைக் காப்பது அந்த அறிவுதான்.

சான்றிதழை வாடகைக்கு விடாதீர்கள்

சான்றிதழ் வந்த மாதமே தொலைபேசி வரும். ‘நீங்க வரவே வேண்டாம் சார், பேரை மட்டும் குடுங்க, மாசம் இவ்வளவு.’ இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேலாளர் என்பவர் நேரடியாக மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கத்துக்கு மேலாளராக இருக்க முடியாது. விபத்து நடந்தால் முதலாளிக்கு முன்னால் கேள்வி உங்களைத்தான் தேடி வரும். நீங்கள் பார்த்தே இராத பாறைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாறைக்கு அடியில் நின்றவர்கள் ‘மேனேஜர் இருக்கிறார்’ என்று நம்பித்தான் நின்றிருப்பார்கள். இப்படிப் பெயர் கொடுப்பதை நம் துறையில் பலர் சாதாரணமாகப் பேசுகிறார்கள். என் பார்வையில் இது கொலைக்குத் துணை போவது.

பொறுப்பேற்ற முதல் வாரம்

எழுத்தில் நியமனக் கடிதம் வாங்குங்கள், அதை டி.ஜி.எம்.எஸ்.ஸுக்குத் தெரிவித்த நகலும் உங்களிடம் இருக்கட்டும். சான்றிதழின் மூலப்படியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். பொறுப்பேற்கும் முன் குவாரி முழுவதையும் நடந்து பார்த்து, எங்கெங்கே படி இல்லை, எங்கே பாறை தொங்குகிறது, எங்கே வேலி இல்லை என்று தேதியோடு படமெடுத்து எழுதி முதலாளியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பிழைகள் எவை, உங்கள் காலத்தில் வந்தவை எவை என்பதற்கு இது ஆதாரம்.

முதலாளி உங்களைத் தாண்டி நேராக ஆப்பரேட்டரிடம் ‘அங்கே வெட்டு’ என்று சொன்னால், மேலாளர் வழியாகத்தான் உத்தரவு வர வேண்டும் என்பது விதி என்று மரியாதையாக நினைவூட்டுங்கள். மறுபடி நடந்தால் எழுத்தில் கேளுங்கள். ‘எழுதிக் குடுங்கண்ணே, செய்யறேன்’ என்று நிதானமாகச் சொன்னால் பாதி உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும். ஆபத்து என்று தோன்றினால் ஆட்களை வெளியேற்றும் அதிகாரமும் கடமையும் உங்களுக்கு உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வெளியேற்றிய நேரம், காரணம், மறுபடி அனுமதித்த நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை முகத்தைப் பார்க்காமல் துளையிட விடாதீர்கள். விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் தன் வேலையைச் செய்திருக்கும்.

மேட், பிளாஸ்டர், ஃபோர்மேன் ஒவ்வொருவரின் சான்றிதழையும் முதல் வாரத்திலேயே வாங்கிப் பாருங்கள். 60 வயது கடந்தவர்கள் ஆண்டுதோறும் உடற்தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். அப்படியே பதிவேட்டையும் திறந்து, ஜாக்ஹேமர் பிடிக்கும் இளைஞர்களின் பெயரும் வேலையும் சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். விட்டுப்போயிருந்தால் அன்றே எழுத வையுங்கள்.